குதிரைக்கு லாடம் யாரிடம் அடிப்பது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

குதிரை வாங்கப் போகிறவர்கள் சுழி பார்க்கிறார்கள், பல்லைப் பிடித்து வயசு பார்க்கிறார்கள், நடக்கவிட்டும் ஓடவிட்டும் பார்க்கிறார்கள். லாடம் அடிக்க ஆள் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு. குதிரை வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதம் ஆன பிறகுதான் அந்தக் கேள்வியே வருகிறது. அதற்குள் குளம்பு வளர்ந்து லாடத்துக்கு வெளியே வழிந்திருக்கும். இல்லாவிட்டால் ஓர் ஆணி கழன்று, நடக்கும்போது லாடம் தனியாகத் தட்டும் சத்தம் கேட்கும்.

கொங்குப் பக்கமோ மதுரை, திண்டுக்கல் பக்கமோ, இதைப் பற்றிக் கேட்பவர்களின் நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் ஒன்றோ இரண்டோ கத்தியவார் அல்லது மார்வாரிக் குதிரை இருக்கும். ஊரில் மாட்டுக்கு லாடம் கட்டுகிற பெரியவர் ஒருவர் இருப்பார். பக்கத்து நகரத்தில் ரைடிங் ஸ்கூல் குதிரைகளையோ ரேஸ் குதிரைகளையோ பார்க்கிறவர் ஒருவர் இருப்பார். பெங்களூரிலிருந்து வந்து போகிற, முறையாகப் பயிற்சி பெற்ற ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். லாடமே வேண்டாம், வெறும் குளம்போடு விடுங்கள் என்று சொல்லும் நண்பரும் நிச்சயம் இருப்பார். இதில் யார் சொல்வதைக் கேட்பது?

பிரிட்டனில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெறாதவர் குதிரைக்கு லாடம் அடிப்பது குற்றம். நம் நாட்டில் அப்படி உரிமமோ பதிவோ கிடையாது. சுத்தியலும் அரமும் கையில் இருக்கிற யார் வேண்டுமானாலும் குதிரையின் காலைத் தூக்கலாம். அதனால் ஆளைச் சலித்து எடுக்கும் பொறுப்பு முழுக்க நம் தலையில் விழுகிறது.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், சொன்ன நாளில் வருவாரா என்பது. குளம்பு மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும். லாடம் அடித்த குதிரைக்குத் தேய்மானம் கிடையாது, வளர்ந்தது அப்படியே நிற்கும். நுனி முன்னால் நீளும், குதிப்பக்கம் நசுங்கித் தாழும், லாடமும் குளம்போடு சேர்ந்து முன்னால் நகரும். ஒவ்வொரு அடிக்கும் காலின் தசைநாண்கள் கூடுதலாக இழுபடும். 6 வாரத்தில் இது கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும், 10 வாரத்தில் குதிரை தடுக்கி விழவும் கூடும். எனவே, சுமாரான வேலையை 6 வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் செய்கிறவர், அற்புதமான வேலையை 3 மாதத்துக்கு ஒருமுறை செய்கிறவரைவிட மேல் என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்தக் கருத்தின் மேல்தான் நிற்கிறது. விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

இரண்டாவது, கண். குளம்பு இரண்டு பக்கமும் சமமாகத் தரையைத் தொடுகிறதா, கணுவிலிருந்து குளம்பு வரை முன்பக்கக் கோடு உடையாமல் ஒரே சரிவாக இறங்குகிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, குதிரையிடம் நடந்துகொள்ளும் விதம். ஒருமுறை அடி வாங்கிய குதிரை அடுத்த பல வருடங்களுக்குக் காலைத் தராது. அந்தச் செலவை நாம்தான் சுமக்க வேண்டும்.

நான்காவது, தவறு நேர்ந்தால் என்ன செய்கிறார் என்பது. ஆணி ஒரு மயிரிழை உள்ளே போய்விடுவது நல்ல கைக்காரருக்கும் நடக்கும். எனக்குத் தெரிந்த ஒரு தோப்பில், லாடம் அடித்த மறுநாள் காலை ஒரு பெண்குதிரை முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. போன் போனதும், “எந்தப் பக்கம் சூடா இருக்கு, தொட்டுப் பாருங்க” என்று கேட்டார் லாடக்காரர். மதியத்துக்குள் பைக்கில் வந்தார், ஒரே ஒரு ஆணியை மட்டும் பிடுங்கினார், துளையில் மருந்து விட்டார், டி.டி. ஊசி போட்டாயிற்றா என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு நாளில் குதிரை தேறிவிட்டது. “நான் அடிச்சதுல ஒண்ணும் இல்ல, அது ஏற்கெனவே நொண்டிச்சு” என்று சொல்கிறவரிடம் இதே ஆணி சீழ் பிடித்திருக்கும். குதிரைக்கு டெட்டனஸ் மிக எளிதில் வரும் என்பதால் அது உயிர்ப் பிரச்சினையும்கூட.

கடைசியாக, பணம். ஒரு தடவைக்கு எவ்வளவு என்று கேட்காமல் வருடத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். 6 வாரத்துக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு 8 அல்லது 9 முறை. கூலி ஊருக்கு ஊர் மாறும். ஆனால் பயணச் செலவு, கழன்ற லாடத்துக்குத் தனியாக வரும் செலவு, நொண்டலுக்கு டாக்டர் செலவு மூன்றையும் சேர்த்தால், மலிவு என்று நினைத்தது பல நேரம் மலிவாக இருக்காது.

## ஊர் லாடக்காரர்

இவரிடமிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலானவர்களுக்கு உண்மையில் எட்டுகிற ஆள் இவர்தான்.

இவருடைய பெரிய பலம் அருகில் இருப்பது. பாதி கழன்ற லாடம் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு மணி நேரத்தில் வந்து நிற்பார். அந்த நிலையில், லாடமே இல்லாத காலைவிடத் தொங்கும் லாடம்தான் ஆபத்து. குதிரை அதை மிதித்தால் ஆணி நேராக அடிக்குளம்பில் ஏறும். இரும்பு வேலையும் இவருக்குக் கைவந்தது. கம்பியை அடித்து லாடம் செய்யத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், இவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது மாட்டு வேலை. மாட்டின் குளம்பு பிளவுபட்டது. ஒரு காலுக்கு இரண்டு சிறு தகடுகள், மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்துக் காலைக் கட்டித்தான் அடிப்பார்கள். குதிரைக்கு நின்ற நிலையில், காலை மடியில் வாங்கி அடிக்க வேண்டும். மாட்டுப் பழக்கத்தில் குதிரையையும் கட்டிப்போட ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஜட்கா வண்டிக் குதிரைகளுக்கு அடித்துப் பழகியவர் என்றால் கதை வேறு. பழனி மாதிரி குதிரை வண்டி இன்னும் மிச்சமிருக்கும் ஊர்களிலும், ஊட்டி, கொடைக்கானல் சவாரி மட்டக்குதிரைகளைப் பார்ப்பவர்களிடமும், நல்ல கைகள் இருக்கின்றன.

ஊர் வேலையில் மூன்று பழக்கங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன், மூன்றும் குதிரையைக் கெடுப்பவை. முதலாவது, பையில் இருக்கும் லாடத்துக்கு ஏற்றபடி குளம்பைச் சீவுவது. லாடம் சின்னதாக இருந்தால் நுனியை அரத்தால் தேய்த்து லாடத்தின் விளிம்போடு சமமாக்கிவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். குதிப்பக்கம் லாடம் எட்டாமல் நிற்பதால் வருடம் திரும்புவதற்குள் குதி ஒடுங்கிப்போகும். இரண்டாவது, அடிக்குளம்பைத் தோண்டுவது. வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும்வரை கத்தி போட்டால்தான் சுத்தம் என்று ஒரு நம்பிக்கை. கல்லிலிருந்து காலைக் காப்பாற்றும் தடிப்பு அதுதான், அதையே எடுத்துவிட்டால் குதிரை சரளையில் கூசிக் கூசி நடக்கும். மூன்றாவது, நடுவில் முக்கோணமாக, ரப்பர் மாதிரி இருக்கும் ஃப்ராக்கை ஒவ்வொரு முறையும் சீவி ஒல்லியாக்குவது. தொங்கும் தோலையும் அழுகலையும் தவிர அதில் எடுக்க ஒன்றுமில்லை.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த மூன்றும் சொன்னால் மாறக்கூடியவை. சொல்கிற விதம் முக்கியம், அதைப் பின்னால் பார்ப்போம்.

இவர் யாருக்குச் சரி? குளம்பு கெட்டியான மார்வாரி, கத்தியவார், நாட்டு மட்டக்குதிரை வைத்திருப்பவர்களுக்கு. தோப்பிலும் மண் பாதையிலும் சவாரி செய்கிறவர்களுக்கு. பக்கத்தில் நின்று வேலையைக் கவனிக்க நேரம் இருப்பவர்களுக்கு. இவரிடம் மறைமுகச் செலவு அந்த நேரம்தான். குதிரைக்காரப் பையனிடம் பிடிக்கச் சொல்லிவிட்டு ஆபீஸ் போய்விடுகிறவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது.

## ரேஸ், ரைடிங் ஸ்கூல் குதிரைகளைப் பார்ப்பவர்

தினமும் பல குதிரைகளின் காலைத் தூக்குகிறவர். வேகமும் பதற்றமில்லாத கையும் இவரிடம் தானாக வரும். துள்ளும் தரோபிரெட் (ரேஸுக்கென்றே வளர்க்கும் இனம்) குதிரையைத் தோளால் சாய்த்து, மூச்சுவிட நேரம் கொடுத்து, அதன் போக்கிலேயே காலை வாங்குவதைப் பார்த்தால் ஏன் இவருக்குக் கூலி அதிகம் என்று புரியும்.

ரேஸிலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட்டை வாங்கியிருக்கிறீர்கள் என்றால் வேறு யோசனையே வேண்டாம், இவர்தான். அந்தக் குதிரைகளுக்குப் பெரும்பாலும் அடிக்குளம்பு மெல்லியது, குளம்புச் சுவர் எளிதில் உதிரும். ஆணி அடிக்க நல்ல இடம் தேடுவதே வித்தை. ஊர் லாடக்காரரின் தடித்த ஆணி அங்கே நிற்காது.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ரேஸ் உலகத்தில் நுனி நீளமாகவும் குதி தாழ்ந்தும் விடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது சவாரிக் குதிரைக்கும் நல்லதல்ல. “நுனியைப் பின்னால் கொண்டுவாங்க பாய்” என்று முதல் நாளே சொல்லிவிடலாம், அவர்களுக்கு உடனே புரியும். அப்புறம், பந்தயத்துக்குப் போடும் மெல்லிய அலுமினிய லாடம் உங்கள் குதிரைக்கு வேண்டாம். தார் ரோட்டில் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். இரும்பு லாடம் கேளுங்கள்.

மறைமுகச் செலவு அவருடைய நேரம். காலை வேளை முழுவதும் அவருக்குச் சம்பளம் கொடுக்கும் லாயத்துக்குச் சொந்தம். சீசன் சூடுபிடித்தால் உங்கள் ஒற்றைக் குதிரை வரிசையில் கடைசிக்குப் போய்விடும். ‘அடுத்த ஞாயிறு’ என்பது மூன்று ஞாயிறுகளாக நீண்டு 6 வாரம் 9 வாரமாகிவிட்டால், அந்தத் திறமையால் உங்களுக்கு என்ன லாபம்? சென்னை, கோவை மாதிரி நகரங்களுக்கு 30, 40 கிலோமீட்டருக்குள் இருக்கிறவர்களுக்கு இந்த வழி நன்றாக நடக்கும். அதற்கு மேல் தூரம் என்றால், பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று குதிரைக்காரர்களைச் சேர்த்து ஒரே நாளில் எல்லோருக்கும் வேலை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 5 குதிரை இருக்கும் இடத்துக்கு வருகிற ஆர்வம் ஒரு குதிரைக்கு வராது, அதில் தப்பும் இல்லை.

## பயிற்சி பெற்று, சுற்றில் வருபவர்

மீரட்டில் இருக்கும் ராணுவத்தின் ரிமவுண்ட் கால்நடைப் படை மையத்தில் லாடப் பயிற்சி பெற்று ஓய்வு பெற்றவர்கள், வெளிநாட்டில் முறையாகப் படித்துவிட்டு வந்தவர்கள் என்று ஒரு சின்ன வட்டம் இருக்கிறது. இவர்கள் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து, உள்ளே எலும்பு எந்தச் சாய்வில் நிற்கிறது என்று புரிந்துகொண்டு வேலை செய்கிறவர்கள். பின்பக்கம் மூடிய லாடம், ஃப்ராக்கைத் தாங்கும் லாடம், நடுவில் பேட் வைத்த லாடம் எல்லாம் இவர்கள் கையில்தான் சரியாக அமையும்.

முதலில் சொன்ன விதிக்கு விதிவிலக்கு இங்கேதான். குதிரைக்கு லேமினைடிஸ் வந்திருந்தால் ஊர் லாடக்காரரையும் பரிசோதனை முயற்சிகளையும் ஒதுக்கிவையுங்கள். முன்னங்கால்களை முன்னால் நீட்டி, எடையெல்லாம் பின்னால் சாய்த்து, திரும்பச் சொன்னால் நெருப்பில் நிற்பது போலத் தவிக்கும் குதிரையை அடையாளம் காண்பது கடினமல்ல. குளம்புக்குள் எலும்பைத் தாங்கிப் பிடித்திருக்கும் அடுக்குகள் விட்டுப்போகிற நோய் அது. முதலில் டாக்டர், அப்புறம் எக்ஸ்ரே, அதற்கப்புறம் இந்தப் பயிற்சி பெற்றவர். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளை முதலில் அணுகலாம். கால் வளைந்து பிறந்த குட்டிக்கும் இதே வரிசைதான். முதல் சில மாதங்களுக்குள் காட்டினால் சீவியே ஓரளவு நேராக்கலாம். எலும்பு வளரும் பகுதி மூடிய பிறகு சீவி நேராக்கப் போனால் மூட்டுதான் கெடும்.

நோயில்லாத சாதாரணக் குதிரைக்கு இவர் தேவையா? சவாரிப் போட்டிகளுக்குப் போகிறவர்களுக்குத் தேவை. மற்றவர்களுக்கு, தொடர்ந்து இவரையே நம்பியிருப்பதில் ஒரு பொறி இருக்கிறது. இவர் பல குதிரைக்காரர்களை ஒரே பயணத்தில் பார்த்துவிட்டுப் போகிற சுற்றில் வருபவர், பயணச் செலவும் தங்கும் செலவும் குதிரைகளுக்குள் பங்கு பிரியும். இருவர் விலகினால் மீதிப் பேருக்குச் சுமை ஏறும், சில நேரம் சுற்றே ரத்தாகும். அவர் போன பத்தாம் நாள் லாடம் கழன்றால் யாரைக் கூப்பிடுவது? வேறொருவர் தொட்ட காலுக்கு அவரால் பொறுப்பேற்கவும் முடியாது.

## லாடமே இல்லாமல், சீவ மட்டும்

இதைச் சிலர் கொள்கையாகவும் சிலர் சிக்கனமாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். நான் நிலத்தைப் பார்த்து முடிவு செய்யச் சொல்வேன். குதிரை நடப்பது செம்மண்ணிலும் தோப்பிலும் புல்லிலும் என்றால், வளருகிற அளவும் தேய்கிற அளவும் ஓரளவு ஒன்றுக்கொன்று ஈடாகும். ஆணி கிடையாது, ஆணி குத்தும் பயம் கிடையாது. மார்வாரிக்கும் கத்தியவாருக்கும் குளம்பு இயல்பிலேயே கெட்டி. குட்டிகளுக்கும், குட்டி போடும் பெண்குதிரைகளுக்கும், ஓய்விலிருக்கும் கிழக்குதிரைகளுக்கும் லாடம் அடிப்பதில் எனக்கு நியாயமே தெரியவில்லை.

தார் ரோட்டில் வண்டி இழுக்கும் குதிரைக்கும், ரேக்ளாவுக்குப் பழக்கும் குதிரைக்கும் இது ஆகாது. வளர்வதைவிட வேகமாகத் தேயும், கடைசியில் ரத்தம் கட்டும்.

லாடம் இல்லை என்பதால் ஆள் தேவையில்லை என்று அர்த்தமில்லை. 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவி, விளிம்பை உருட்டிவிட வேண்டும். விடாமல் போனால் விளிம்பு பிளந்து மேலே ஏறும். பல வருடம் லாடத்தோடு இருந்த குதிரையை மாற்றினால், மேலிருந்து புதுக் குளம்பு இறங்கி நுனிக்கு வந்து சேர 9 மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். அதுவரை சரளைப் பாதையில் அது சுணங்கும். அந்த மாதங்களில் சவாரியைக் குறைப்பதுதான் இதன் விலை. குளம்பு பூட்ஸ் போடலாம், ஆனால் வெளிநாட்டுச் சரக்கு, விலை அதிகம், அளவு தப்பினால் தோலை அறுக்கும்.

இடைவழி ஒன்றும் உண்டு. குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் விழுகிறது. முன்னே மட்டும் லாடம், பின்னே வெறும் குளம்பு என்று வைத்தால் செலவும் குறைவு, கூட்டமாக விடும்போது பின்னங்கால் உதையால் மற்ற குதிரைக்கு ஆகும் காயமும் குறைவு.

## ஒரே பார்வையில்

| | ஊர் லாடக்காரர் | ரேஸ் / ரைடிங் ஸ்கூல் ஆள் | சுற்றில் வரும் பயிற்சி பெற்றவர் | சீவ மட்டும் |
|---|---|---|---|---|
| சொன்ன நாளில் வருவது | எளிது | சீசனைப் பொறுத்தது | சுற்று நடந்தால் உண்டு | நாம் ஏற்பாடு செய்வதைப் பொறுத்தது |
| அவசரத்துக்கு | உடனே | அன்றைக்கே வந்தால் அதிர்ஷ்டம் | கிடையாது | அவசரமே குறைவு |
| அளவும் சமநிலையும் | ஆளைப் பொறுத்தது, கவனிக்க வேண்டும் | நன்று, நுனி நீளத்தைக் கவனிக்கவும் | மிக நன்று | சீவுபவரைப் பொறுத்தது |
| மறைமுகச் செலவு | நம் நேரம், தவறினால் டாக்டர் | பயணம், தள்ளிப்போகும் நாட்கள் | பயணம், தங்கல், இடையில் கழலும் லாடம் | பழகும் மாதங்கள், குறையும் சவாரி |
| யாருக்கு | கெட்டிக் குளம்பு, மண் பாதை | தரோபிரெட், நகர ஓரம் | லேமினைடிஸ், வளைந்த கால், போட்டி | குட்டி, ஓய்வு, மென்நிலம் |

கிராமத்தில் ஒன்றிரண்டு குதிரை வைத்து, வார இறுதியில் சவாரி செய்கிற குடும்பத்துக்கு நான் சொல்வது இதுதான். பொறுமையான கையுள்ள ஊர் லாடக்காரரை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை பயிற்சி பெற்றவரை வரவழைத்து, ஊர்க்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே குளம்பின் அளவைச் சரிசெய்யச் சொல்லுங்கள். அந்த அளவைப் பிறகு ஊர்க்காரர் காப்பாற்றினால் போதும். இருவரும் சம்மதிப்பார்களா என்று பலர் தயங்குகிறார்கள். மரியாதையாக முன்கூட்டியே இருவரிடமும் சொன்னால் பெரும்பாலும் சம்மதிக்கிறார்கள். கைத்தொழில்காரர் இன்னொரு கைத்தொழில்காரரின் வேலையைப் பார்க்க ஆசைப்படுவார்.

## முதல் நாள் என்ன பார்ப்பது

ஆளைத் தேடும்போது, பெயரைக் கேட்காமல் கால்களைப் பாருங்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தைக்குப் போனால் வரிசையாக நிற்கும் குதிரைகளின் குளம்புகளைக் குனிந்து பார்த்துக்கொண்டே போகலாம். பிடித்த குளம்பு கண்ணில் பட்டால், இதுக்கு யாருங்க லாடம் அடிக்கிறது என்று கேளுங்கள். இதைவிட நல்ல சிபாரிசு இல்லை.

வந்தவர் குதிரையை நடக்கவிட்டுப் பார்க்கிறாரா? நேராகப் போய்க் காலைத் தூக்குகிறவருக்கும், முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் நடை பார்த்துவிட்டு ஆரம்பிக்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் ஆறு மாதத்தில் தெரியும். பழைய லாடத்தை எடுத்தவர் அது எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று திருப்பிப் பார்த்தால் இன்னும் நல்லது.

லாடத்தை வைத்துப் பார்த்து, பொருந்தாவிட்டால் பட்டறைக்கல்லில் வைத்துத் தட்டி வளைத்து, மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். இரும்புதான் குளம்புக்கு வளைய வேண்டும். லாடத்தின் பின்முனைகள் குதி வரை வந்து தாங்க வேண்டும்.

ஆணி அடிக்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். வெள்ளைக்கோட்டுக்கு (அடியில் குளம்புச் சுவரும் அடிக்குளம்பும் சேரும் வெளிர்கோடு) வெளியே, கெட்டிச் சுவரில் ஏறும் ஆணி கணீர் என்று கெட்டியாகச் சத்தம் கொடுக்கும், அடிக்கு அடி கொஞ்சமாகத்தான் ஏறும். உள்ளே திரும்பும் ஆணியின் சத்தம் மந்தமாகிவிடும், சர்ரென்று இறங்கும், குதிரையும் காலைச் சுருக்கென்று இழுக்கும். நல்லவர் அந்த இடத்தில் நிறுத்தி ஆணியைப் பிடுங்கிவிடுவார். அடித்தே தீருவேன் என்று தொடர்பவரை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். எல்லா ஆணிகளும் குளம்பின் அகலமான இடத்துக்கு முன்பாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு அடிக்கும் குதிப்பக்கம் விரிந்து சுருங்குகிறது, அங்கே ஆணி அடித்தால் பூட்டு போட்ட மாதிரி. வெளியே வந்த முனைகளை முறித்து மடக்கியபின், சுவரில் அவை ஏறக்குறைய ஒரே கோட்டில் தெரியும். கடைசியில் சுவர் முழுவதையும் அரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கினால், ஈரத்தைக் காக்கும் மேல்பூச்சு போய்விடும். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் இன்னொரு முறை நடக்கவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணம் எண்ண வேண்டும்.

## நல்லவர் கிடைத்தபின் பழகும் முறை

நல்ல லாடக்காரர்கள் ஒரு வாடிக்கையாளரைக் கைவிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பணமில்லை, காலைத் தராத குதிரை. முதுகு வளைத்து, அரை டன் மிருகத்தின் எடையை மடியில் வாங்கி வேலை செய்கிறவர்கள் அவர்கள். தினமும் நான்கு காலையும் தூக்கிக் குளம்பைச் சுத்தம் செய்து பழக்குங்கள், குட்டியிலிருந்தே. அவர் வரும் நாளில் நிழலான, சமமான, கெட்டியான தரை வேண்டும். கால் கழுவிக் காய்ந்திருக்க வேண்டும். ஈ தொல்லை இருந்தால் முன்பே மருந்து தடவுங்கள். நாயையும் குழந்தைகளையும் தள்ளிவையுங்கள். பிடிக்கிறவர் செல்போன் பார்க்காமல் குதிரையின் முகத்தைப் பார்க்க வேண்டும். உதைக்கும் குதிரை என்றால் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குறை சொல்வதானால் குதிரைக்காரப் பையன், டிரைவர் முன்னால் சொல்லாதீர்கள். “இது தப்பு” என்பதைவிட, “அண்ணே, போன தடவை குதிப்பக்கம் கொஞ்சம் உள்ள போயிடுச்சு, இந்தத் தடவை ஒரு சைஸ் பெரிசாப் போடலாமா?” என்று போன முறை எடுத்த போட்டோவைக் காட்டினால் கேட்பார். ஒவ்வொரு முறையும் முன்னாலிருந்து, பக்கவாட்டில், அடியிலிருந்து என்று செல்போனில் படம் எடுத்து வையுங்கள். வாதம் செய்ய வேண்டிய அவசியமே வராது.

நொண்டினால் முதல் போன் அவருக்கு. இன்னொருவரைக் கூப்பிட்டு அவர் அடித்த லாடத்தைப் பிடுங்கிவிட்டால், எந்த ஆணி காரணம் என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். டாக்டரும் பார்க்க வேண்டியிருந்தால் இருவரையும் நேரடியாகப் பேசவிடுங்கள். நம் வழியாகப் போகும் செய்தி பாதி திரிந்துவிடும்.

கூலியை அன்றைக்கே கொடுங்கள், காலுக்கு இவ்வளவு என்று பேரம் பேசாதீர்கள். அவர் கிளம்பும் முன்பே அடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பொங்கலை ஒட்டி ரேக்ளாவும் திருவிழாவும் நெருங்கும்போது ஆள் கிடைப்பது சிரமம், அந்த மாதங்களுக்கு முன்னதாகவே சொல்லி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம்பு ஊறி ஆணி இளகும், லாடம் அதிகம் கழலும். ஃப்ராக்கின் இடுக்கில் கறுப்பாகக் கசிந்து நாற்றமடித்தால், அவருக்குக் காத்திருக்காமல் தினமும் சுத்தம் செய்து காயவைக்க ஆரம்பியுங்கள். லாடம் கழற்றும் குறடும் ஒரு பழைய அரமும் வீட்டில் இருக்கட்டும். எப்படிக் கழற்றுவது என்று அவரிடமே ஒருமுறை கேட்டுக் கற்றுக்கொண்டால், தொங்கும் லாடத்தோடு குதிரை இரவு முழுக்க நிற்க வேண்டியதில்லை.

ஆளை மாற்றுவது பற்றி. குளம்பு மெதுவாகத்தான் மாறும் என்பதால், நடையில் கோளாறு இல்லாதவரை இரண்டு மூன்று சுற்றுக்கு முன் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஆனால் குடித்துவிட்டு வந்தாலோ, குதிரையை அடித்தாலோ, ஆணி குத்தியதை மறைத்தாலோ அடுத்த வாய்ப்பு வேண்டாம். சொன்ன நாளில் வராமல், போனும் எடுக்காமல் இரண்டு தடவை போனால், எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும் வேறு ஆளைத் தேட ஆரம்பியுங்கள். புது ஆள் உறுதியான பிறகு பழையவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள், பாக்கி இருந்தால் தீர்த்துவிடுங்கள். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். புதியவர் உங்கள் வாசலுக்கு வரும் முன்பே பழையவரிடம் உங்களைப் பற்றி விசாரித்திருப்பார்.